அண்ணியின் தோற்றுப்போன திட்டம்

வீட்டில் அவளை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சட்டம் படிக்கவில்லை. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஆனால் ஒரு பேச்சுக்குப் பத்துப் பேச்சு பேசுவாள். தான் சொன்னதுதான் சரி என்று நிலைநாட்டாமல் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். சின்ன வயதில் அவளுடைய அண்ணன் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த அண்ணனின் மனைவி ஒரு பெரிய சலவை நிலையத்தில் மேலாளர். நகரத்து மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள், நோயாளிகளின் உடுப்புகள், ஆபரேஷன் அறைத் துணிகள் எல்லாம் அங்கேதான் சலவைக்கு வரும். நாத்தனாரும் அண்ணியும் ஒன்றாக மேலாண்மை முதுநிலைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தபோது அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஒரு வீட்ல ஒரு மேனேஜர் இருந்தாலே தாங்காது. இப்ப ரெண்டா? இனிமே நான் உப்பு வாங்கிட்டு வந்தாக்கூட அறிக்கை கேப்பீங்க.”

“கேப்போம். அறிக்கையோட வரைபடமும் வேணும்,” என்றாள் வக்கீல்.

சனிக்கிழமை வகுப்புகள். மனப்பாடம் செய்து கொட்டும் தேர்வு இங்கே கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் விளைவுகள் என்று சில வரிகள் உண்டு. பாடம் முடியும்போது மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்த வரிகள். அதைச் செய்து காட்டினால்தான் தேர்ச்சி.

வக்கீல் இதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள். அந்த வரிகளை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பத்தி எழுதினாள். மதிப்பெண் கொட்டியது. அண்ணியோ ஒரு வரியைப் படித்துவிட்டு யோசனையில் ஆழ்ந்துவிடுவாள்.

“‘தன் முடிவின் விளைவைச் சான்றுகளோடு மதிப்பிட முடியும்’னு போட்டிருக்காங்க. என்னால முடியுமான்னு எனக்கே தெரியலையே.”

“முடியும்னு எழுதிட்டுப் போங்க அண்ணி. அவங்க வீட்டுக்கு வந்தா பாக்கப் போறாங்க?”

படிப்பின் முடிவில் ஒரு ப்ராஜெக்ட். வேலை செய்யும் இடத்தில் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்து, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, என்ன ஆனது என்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன் விளக்க வேண்டும். கற்றல் விளைவுகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே மதிப்பிடுவார்கள். ஒன்றில் தேறாவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் திரும்பச் செய்ய வேண்டும்.

அண்ணிக்குச் சிக்கலைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. காலையில் மருத்துவமனைகளுக்கு விரிப்புகள் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தன. மடிக்கும் மேசையிலிருந்தும் உலர்த்தும் பகுதியிலிருந்தும் சிலரைத் துவைக்கும் பக்கம் மாற்றினாள். இயந்திரங்களைச் சீக்கிரமே ஓடவிட்டாள். முதல் வாரம் வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பின. சலவை நிலையத்தில் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்த அண்ணிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை.

இரண்டாவது வாரம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஒரு மருத்துவமனையில் வெள்ளையடிப்பு வேலைக்காகச் சில வார்டுகளை மூடிவைத்திருந்தார்கள். அவை திறந்ததும் துணி மலைபோல வந்து இறங்கியது. துவைக்கும் இயந்திரங்கள் வாங்கி வாங்கித் தள்ளின. துணி உலர்த்தும் ட்ரையர்களின் முன்னால் ஈரத் துணி இடுப்பளவு குவிந்தது. முன்பு எவ்வளவு தாமதமோ அதைவிட அதிகத் தாமதம். அண்ணி அந்தக் குவியலின் முன்னால் நின்று பார்த்தாள். அன்றே பழைய முறைக்குத் திரும்பச் சொல்லிவிட்டு, வேலை செய்பவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, “என் திட்டம் தப்பு. உங்க மேல எந்தக் குறையும் இல்ல,” என்றாள்.

மடிப்புப் பகுதியில் இருந்த ஒரு பெண், “விடுங்க மேடம், நாங்களும்தானே கைதட்டினோம்,” என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணி இதையெல்லாம் சொல்லி முடித்ததும் வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“முதல் வாரத்தை மட்டும் எழுதுங்க அண்ணி. பொய் ஒண்ணும் இல்லையே, நடந்ததுதானே?”

“நடந்ததுல பாதி.”

“அந்தப் பாதிக்கே நல்ல மார்க் வரும்.”

“வரும்தான். ஆனா அதைப் படிச்சிட்டு இன்னொரு ஊர்ல யாரோ ஒருத்தர் இதே மாதிரி செஞ்சாங்கன்னா? அங்கயும் ஒரு நோயாளி விரிப்பு வர்ற வரைக்கும் வெறும் மெத்தையில படுத்திருப்பாங்க.” அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எனக்கு அது வேணாம்டி.”

வக்கீல் வாதாடாமல் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். அண்ணன் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு அவளை அதிசயமாகப் பார்த்தான்.

விளக்கவுரை நாளன்று சிறிய கூடம் நிரம்பியிருந்தது. தேர்வாளர் தொழிற்சாலைகளில் தலை நரைத்தவர். கேள்வியை மெதுவாகத்தான் கேட்பார், ஆனால் பதில் சொல்பவர் திணறிப்போவார். ஒவ்வொருவராக வந்து திரையில் எண்களைக் காட்டினார்கள். எல்லாமே ஏறுமுகம். எந்த அலுவலகத்திலும் எதுவும் தவறாகப் போனதாகத் தெரியவில்லை.

அண்ணி முன்னால் போய் நின்று, “என் திட்டம் தோத்துப்போச்சு,” என்று தொடங்கினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவள் இரண்டு வாரக் கணக்கையும் காட்டினாள். தேர்வாளர் கேட்டார்: “முதல் வாரம் நல்லா வந்திருக்கே. அதோட நிறுத்தியிருக்கலாமே?”

“அந்த வாரம் நல்லா இருந்தது என் திட்டத்தால இல்ல சார். வேலை கம்மியா இருந்துச்சு. அதை நான் என் பெருமைன்னு நினைச்சுட்டேன்.”

“எங்க தவறினீங்க?”

“துவைக்கற நேரத்தைப் பாத்தேன், மடிக்கற நேரத்தைப் பாத்தேன். உலர எவ்வளவு நேரமாகும்னு பாக்கல. ட்ரையர் தாங்கற அளவுக்குத்தான் எங்களால வேலை செய்ய முடியும். அது தெரியாம துவைக்கறவங்களை ஓடவிட்டேன்.”

“இதை இத்தனை பேர் முன்னாடி சொல்றது கஷ்டமா இல்லையா?”

“அங்க வேலை செய்யறவங்க முன்னாடி சொன்னதுதான் கஷ்டம் சார். அதுக்கப்புறம் இது ஒண்ணுமில்ல.”

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கூடத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீட்டில் எந்த விவாதத்திலும் தன்னிடம் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போகிற அதே அண்ணியா இவள்? ‘எங்க அண்ணி’ என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லியும்விட்டாள்.

அடுத்தது அவளுடைய முறை. அவளுடைய ப்ராஜெக்ட் வாடிக்கையாளர் புகார்களைச் சீக்கிரம் முடிப்பது பற்றியது. எண்கள் அழகாக ஏறியிருந்தன. தேர்வாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: “புகார் சீக்கிரம் முடிஞ்சுது, சரி. புகார் கொடுத்தவரோட பிரச்சினை தீர்ந்துச்சா?”

அவளுடைய நுனிநாக்கில் பதில்கள் தயாராக இருந்தன. எல்லாமே கேட்க நன்றாக இருக்கும் பதில்கள். அவள் அவற்றை விழுங்கினாள்.

“அதை நான் கேக்கல சார். எத்தனை புகாரை மூடினோம்னுதான் எண்ணினேன்.”

“கேட்டிருந்தா?”

“இந்த எண் கொஞ்சம் இறங்கியிருக்கும்.”

அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரித்தார். “போய்க் கேட்டுப் பாருங்க,” என்றார். வெளியே வந்தபோது அவளுக்கு மனதில் ஒரு பாரம் இறங்கியிருந்தது.

முடிவு வந்தது. வக்கீல் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். அண்ணிக்கு, தன் முடிவின் விளைவை மதிப்பிடும் பகுதியில் வகுப்பிலேயே முதலிடம். ஆனால் சிக்கலை ஆராயும் பகுதியில் தேர்ச்சி இல்லை. திரும்பச் செய்ய வேண்டும்.

வக்கீல் கொதித்துப்போனாள். “அநியாயம்! உண்மையைச் சொன்னவங்களுக்கு இதுதான் பரிசா? நான் மேல்முறையீடு எழுதறேன் அண்ணி.”

“ஐயோ, சும்மா இருடி. அவர் சொன்னது சரிதானே? ஆரம்பத்துலயே ட்ரையரைப் பாக்காம விட்டேன். தப்பை ஒத்துக்கிட்டேங்கறதுக்காக அந்தத் தப்பு சரியாயிடுமா?” அண்ணி தேர்வாளர் எழுதியிருந்த கருத்துரையைத் திரும்ப ஒருமுறை படித்தாள். “நல்லா பாத்து மார்க் போட்டிருக்கார். படிக்காம போட்டிருந்தாத்தான் எனக்கு வருத்தமா இருந்திருக்கும்.”

வக்கீல் தோற்றுப்போய் உட்கார்ந்தாள். அப்படித் தோற்பதில் ஒரு சுகம்கூட இருந்தது.

அண்ணி இந்த முறை ட்ரையரிலிருந்து தொடங்கினாள். வக்கீலும் விடுமுறையில் கூடவே போனாள். நீராவியில் முடியெல்லாம் ஒட்டிக்கொள்ள, ஒவ்வொரு வகைத் துணியும் உலர ஆகும் நேரத்தைக் குறித்துக்கொடுத்தாள். கனமான போர்வைகளையும் மெல்லிய விரிப்புகளையும் கலந்து போட்டதால் விரிப்பு காய்ந்த பிறகும் போர்வைக்காக இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. பிரித்துப் போட்டார்கள். ட்ரையர்கள் காலியாகும் வேகத்துக்கேற்பத் துவைக்கும் வரிசையை மாற்றினார்கள். வார்டுகள் நிரம்பி வழிந்த வாரத்திலும் வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பின. அண்ணி தேறினாள். அண்ணன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கேக் வாங்கி வந்து, அறிக்கை எதுவும் தர முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

கொஞ்ச நாளில் தேர்வாளரே அண்ணியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அடுத்த அணி மாணவர்களைச் சலவை நிலையத்துக்கு அழைத்து வரலாமா என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வக்கீல், சரி சொல்லுங்கள் என்று கையைக் காலை ஆட்டினாள்.

“தாராளமா வாங்க சார்,” என்றாள் அண்ணி. “ஆனா துணி நிறைய வர்ற நாளா பாத்து வாங்க. வேலை கம்மியா இருக்கற நாள்ல வந்தா நாங்க ரொம்பக் கெட்டிக்காரங்களாத் தெரிவோம்.”