ஐஸ் குழாயில் கட்டிய சென்சார்

அண்ணன் தன் பூக்கடையின் குளிர் அறைக் கதவைத் திறந்ததும் அழுகிய ரோஜா வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. ஒரு ஹோட்டலுக்குப் போக வேண்டிய பூ. கட்டுக் கட்டாகப் பழுப்பேறிக் கிடந்தது.

"கதவை ஒழுங்கா மூடுன்னு எத்தனை தடவை சொல்றது? கை என்ன புல்லா புடுங்குது?" என்று அண்ணியைப் பிடித்துக்கொண்டான். போன வாரமும் இதே கூத்துதானாம். கடையில் வேலை செய்கிறவர்கள் முன்னால் வேறு. அண்ணி குனிந்து அழுகிய கட்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

நான் வந்தது ஒரு நல்ல சேதி சொல்ல. மின்வாரியத்தில் எனக்கு வேலை. மேகம் மூடிச் சோலார் கரண்ட் சரிந்தால், கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளக்கூடிய மெஷின்களை எங்கள் கம்ப்யூட்டர் தேடிப் பிடித்து நிறுத்தும். எந்த மெஷினால் பொறுக்க முடியும் என்று, அறையின் குளிரை அளக்கிற சென்சார் சொல்லும். நன்றாகக் குளிர்ந்த அறை கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பில் குறையும் என்று ஆசை காட்டி இதை அண்ணன் தலையில் கட்டியதும் நான், சென்சாரை மாட்டியதும் நான். "உங்க அண்ணன் ரூம் தங்கம் மாதிரிம்மா, எப்ப கேட்டாலும் நிறுத்த விடுது" என்று மேலதிகாரி பாராட்டியதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளத்தான் வந்தேன்.

அண்ணாந்து பார்த்தேன். மேலே சென்சார்.

பூ அடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில் தொங்க வேண்டிய சென்சார் அது. ஒயர் எட்டவில்லை என்று மேலே கூலிங் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தபோது அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள், போய்விட்டேன். இப்போது குழாய் முழுக்க ஐஸ். மெஷின் நின்றாலும் ஐஸ் உடனே கரையுமா? கீழே பூ புழுங்க, மேலே சென்சார் பாட்டுக்கு ஜில்லென்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மேகம் வந்தபோதெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த இளிச்சவாயன் எங்கள் அண்ணன்தான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். சென்சாரைச் சத்தமில்லாமல் கீழே இறக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வெட்கமே இல்லாமல் அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "கதவை மூடிட்டு இழுத்துக்கூடப் பார்த்தேன்" என்றாள் மெதுவாக. "ஆனா அவர் சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. என் கையை நானே நம்ப முடியல."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணா, அண்ணி மேல தப்பே இல்ல. நான்தான் சென்சாரைத் தப்பான இடத்துல கட்டிட்டேன். அதான் மெஷின் சும்மா சும்மா நின்னிருக்கு."

திட்டட்டும், ஓங்கி ஒன்று விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அழுதபடி ஸ்டூல் மேலேயே நின்றேன். அவன் குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"சரி விடு பாப்பா. வேணும்னா செஞ்சே? இதுக்குப் போய் அழுவாங்களா?"

அண்ணி ஸ்டூலிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் விழுந்துவிடக் கூடாதே என்று இன்னும் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"செய்யாத எனக்கு இத்தனை நாள் திட்டு" என்றாள் அவனிடம். "செஞ்சவளுக்கு மட்டும் 'சரி விடு'வா?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. என் முகத்தை நான் எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வது?