இரட்டை சைக்கிளின் பின்னிருக்கை

இருவர் ஓட்டும் டேண்டம் சைக்கிளில் பின்னால் உட்காருபவருக்கு பிரேக் கிடையாது, கியரும் கிடையாது. பிடித்துக்கொள்ள ஒரு ஹேண்டில்பார் உண்டு. ஆனால் அது திரும்பாது. முன்சீட்டின் தண்டோடு சேர்த்து முடுக்கியிருக்கும். கண்ணெதிரே தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும். அதனால் முன்னால் இருப்பவர் எதைச் செய்வதற்கு முன்பும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கியர் மாற்றுகிறேன், மிதிப்பதை நிறுத்துகிறேன், பள்ளம் வருகிறது என்று. சொல்லாமல் பள்ளத்தில் விட்டால் முன்னால் இருப்பவர் லேசாக எழும்பித் தப்பித்துக்கொள்வார். அடி முழுக்கப் பின்னால் இருப்பவரின் முதுகெலும்புக்கு.

மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வைத்து என் மனைவி நாகமணிக்கு இதை அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பதிமூணு வருஷமா அப்படித்தானுங்க உக்காந்திருக்கேன். புதுசா என்ன கத்துக்கிறது?" என்றாள்.

சைக்கிள் என் ஆபீஸ் நண்பர் கிரஹாமுடையது. இங்கிலாந்துக்காரர், ஷ்ராப்ஷைர் பக்கம். ஊருக்குத் திரும்பும்போது சைக்கிளையும் எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்துவைத்த தன் வழித்தாள்களையும் என்னிடம் விட்டுப் போனார். தன் ஊரைப் போலவே இருக்கும் சாலைகளை இங்கே ஹன்டர்டன் கவுண்ட்டியில் தேடித் தேடிக் கோத்து, முப்பத்தெட்டு மைலுக்கு ஒரு வழி போட்டிருந்தார். இரண்டு பக்கமும் வைக்கோல் வயல், குதிரைப் பண்ணை, இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய அகலம். பெரிய மலை எதுவும் இல்லை. சமதரையும் இல்லை. மேடு, இறக்கம், மறுபடி மேடு.

தொண்ணூற்றொன்பது அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் கதிரைப் பக்கத்து வீட்டு ருக்மிணி ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு அந்த வழியில் கிளம்பினோம். அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் சான் ஹோசே ஆபீஸில் வேலை, ஜனவரியில் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையே மேனேஜரின் வாய்ஸ்மெயிலில் சரி என்று சொல்லிவிட்டேன். திங்கள் காலை எட்டு மணிக்கு அவர் அதைக் கேட்பார். நாகமணிக்குத் தெரியாது.

டெக்சஸில் ப்ளேனோவில் மூன்று வருஷம், இங்கே இரண்டரை வருஷம். ஒரு இடத்தில் இரண்டு வருஷம் தாண்டினால் எனக்கு உள்ளங்காலில் ஏதோ ஊரத் தொடங்கிவிடும். மீட்டிங்கில் கால் தானாக ஆடும். ப்ளேனோவில் நாகமணி லேப் டெக்னீஷியன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு என்னோடு வந்தாள். இங்கே கவுண்ட்டி காலேஜில் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்த ஜனவரியில் அவளுக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதை முடித்தால்தான் பரீட்சை எழுத முடியும். அந்த இடத்தைக் கலிபோர்னியாவுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இது எல்லாம் எனக்குத் தெரியும். சைக்கிளில் போகும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.

முதல் பத்து மைல் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக விளக்கிக்கொண்டே வந்தேன்.

"இந்த மாதிரி ரோட்டுக்குன்னே செஞ்சது இந்த வண்டி. எடை ரெண்டு ஆள் எடை, ஆனா காத்தைக் கிழிக்கிற நெஞ்சு ஒண்ணுதான். அதனால எறக்கத்துல பறக்கும். அந்த வேகத்தை வீணாக்காம விட்டா அடுத்த மேட்டுல பாதிக்கு மேல சும்மாவே ஏத்திவிட்டுடும்."

"மிச்சப் பாதி?"

"வேகம் சாகிறதுக்கு முன்னாடியே மிதிக்க ஆரம்பிச்சிடணும். கியரையும் முன்னாடியே மாத்திடணும். கால் அழுத்தத்துல செயின் இறுகினப்புறம் மாத்தினா பல்லுல ஏறாது, கழண்டுடும்."

"ஏனுங்க, இன்னைக்கு ரொம்பப் பேசறீங்க."

ஒரு நீண்ட இறக்கத்தில் விட்டோம். மணிக்கு நாற்பது மைல். பின்னாலிருந்து அவள் கத்தியது சந்தோஷத்தில்தான். அடியில் ஒரு சின்னப் பாலம், உடனே ஏற்றம். வேகம் குறைந்துகொண்டே வந்தது. நான் பேச்சை நிறுத்தவில்லை.

"முன்னாடி இருக்கிற சின்னப் பல்சக்கரத்துக்கு முப்பது பல்லு. மேடு ஏற லேசா இருக்கட்டும்னு இருபத்திரண்டு பல்லுல ஒண்ணு ஆர்டர் பண்ணியிருக்கேன். இங்க தேவைப்படாது, அங்க மேடு ஒவ்வொண்ணும் ஆறேழு மைலு..."

"அங்கன்னா எங்க?"

என் கை தானாகக் கியரை இழுத்தது. அவளிடம் சொல்லவும் இல்லை, நேரமும் தவறிப்போயிருந்தது. கடகடவென்று ஒரு சத்தம். செயின் கழன்று உள்பக்கம் விழுந்தது, நான்கு கால்களும் காற்றில் சுற்றின. சாய்வதற்குள் கால் ஊன்றி நின்றோம்.

சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு நான் குனிந்து செயினைப் பிடித்தேன். குனிந்திருப்பது வசதியாக இருந்தது.

"அங்கன்னா எங்கன்னு கேட்டேன்."

"சான் ஹோசே."

"எப்ப?"

"ஜனவரி."

"ஆஃபர் வந்திருக்கா, இல்ல அக்சப்ட் பண்ணிட்டீங்களா?"

செயினை ஒவ்வொரு பல்லாக ஏற்றினேன். பெடலை மெதுவாகக் கையால் சுற்றினால் மீதி தானாக ஏறிக்கொள்ளும். கையெல்லாம் கறுப்பு.

"வெள்ளிக்கிழமை வாய்ஸ்மெயில்ல யெஸ் சொல்லிட்டேன்."

அவள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள்.

"செயின் எப்படிக் கழலும்னு சொன்னீங்க. காத்து எப்படி அடிக்கும்னு சொன்னீங்க. ரைஸ் குக்கர் எப்படி தானா ஆஃப் ஆகுதுன்னு எங்கம்மாவுக்குக் கூட ஃபோன்ல அரை மணி நேரம் சொன்னீங்க. இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலியா?"

"நாகு, அங்க போனா நல்ல காலேஜா..."

"ப்ளேனோலயும் இதையேதான் சொன்னீங்க." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "எறக்குங்க சீட்டை."

"எதை?"

"முன் சீட்டை. நான் ஓட்டறேன்."

"உனக்கு ஃப்ரேம் பெருசு. பாலன்ஸ் வேற மாதிரி இருக்கும்..."

"ஈரோட்டுல பன்னீர்செல்வம் பார்க் டிராஃபிக்குல லூனா ஓட்டினவ நான். எறக்குங்க."

அடிமட்டம் வரை இறக்கியும் அவளுக்கு நுனிக்கால்தான் எட்டியது. மேட்டில் கிளம்ப முடியாது என்பதால் உச்சி வரை தள்ளிக்கொண்டு போனோம். அங்கே கிளம்பிய முதல் இரண்டு தடவையும் வேலிப் பக்கம் போய் நின்றோம். மூன்றாவது தடவை நேரானது.

பின்னால் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. விளக்கும்போது நான் சொன்னதெல்லாம் சரி, ஆனால் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அவளுடைய நீல டி-ஷர்ட்டில் வியர்வை வட்டம் தவிர உலகத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டு ஜோடிப் பெடலையும் இடது பக்கம் ஒரு செயின் பிணைக்கிறது. அவள் மிதிப்பதை நிறுத்தினால் என் காலும் நின்றுவிடும். அவள் திடீர் திடீரென்று நிறுத்தினாள். என் கால்கள் ஒவ்வொரு தடவையும் முட்டாள்தனமாக அடுத்த சுற்றுக்குத் தள்ளின. வேகம் கூடுகிறதா, வளைவு வருகிறதா, ஒன்றும் தெரியாமல் திரும்பாத ஹேண்டில்பாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளத்தில் தடாலென்று இறங்கியது. அடி முதுகுத்தண்டில் ஏறித் தலையில் போய் நின்றது.

"பள்ளம்னு சொல்லக் கூடாதா!"

"சொல்லணுமோ? சாரிங்க."

அதற்கப்புறம் ஒவ்வொன்றையும் சொன்னாள். கோபம் குறையாத குரலில், ஆனால் ஒன்று விடாமல். வளைவு. பிரேக். எதிரில் டிராக்டர்.

நான்கு சாலைகள் கூடும் இடத்தில் சாண்ட்விச், காபி விற்கும் ஒரு சின்ன டெலி இருந்தது. வாசலில் பொதுத் தொலைபேசி. "நிறுத்தறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். இறங்கி, தொலைபேசியைப் பார்த்தாள், பிறகு என்னை.

"உங்க மேனேஜர் திங்கக்கிழமை காலைலதானே அதைக் கேப்பாரு?"

"எட்டு மணிக்கு. ஆனா நாகு, இப்ப மாத்திச் சொன்னா அந்த வேலையை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. இங்க என் ப்ராஜெக்ட்டும் மார்ச்சுல முடியுது."

"நான் வேண்டாம்னு சொல்லச் சொல்லல. போலாம்னே கூட நான் சொல்லலாம். என்னைக் கேட்டீங்கன்னாத்தான அது தெரியும்?"

பெல்ட் பையிலிருந்து இரண்டு குவார்ட்டர் நாணயங்களை எடுத்து நீட்டினாள். என் கை கறுப்பாக இருந்ததால் அவளே அவற்றைத் தொலைபேசியில் போட்டாள். எண்ணை அழுத்தினேன். மேனேஜரின் குரல், பிறகு பீப். என் வலது கால் ஆடத் தொடங்கியது. ஆங்கிலத்தில், வெள்ளிக்கிழமை சொன்னதைப் பற்றி நானும் மனைவியும் இன்னும் முடிவு செய்யவில்லை, ஒரு வாரம் வேண்டும் என்றேன். இதுபோன்ற வாய்ஸ்மெயிலில் முடித்ததும் ஒரு பெண் குரல் வரும்: அனுப்ப ஒன்று, அழித்து மறுபடி பேச மூன்று.

"முடிவு பண்ணலைன்னா சொன்னீங்க?" என்றாள் நாகமணி.

"ஆமா."

"அது பொய். நீங்க முடிவு பண்ணிட்டீங்க. என்னைக் கேக்கலைன்னு சொல்லுங்க."

ஒரு வெள்ளைக்காரர் காபியோடு வெளியே வந்து, எங்கள் நீள சைக்கிளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் மூன்றை அழுத்தினேன்.

மனைவியைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன், அது என் தவறு, அந்தப் பதிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். அவளைக் கேட்டுவிட்டு அடுத்த ஞாயிறுக்குள் சொல்கிறேன், அதற்குள் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குப் புரியும். ஒன்றை அழுத்தினேன்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"இப்ப என்ன ஆகும்?"

"தெரியல."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை கழுவக் குழாய் எங்கே என்று கேட்டுவர டெலிக்குள் போனாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.