ஓட்டைக்கு ஒரு ஸன்ஹூரி

உண்ட ரொட்டியின் மேலும் தொட்ட உப்பின் மேலும் ஆணை. இதில் வரும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் ஊரான கஃப்ர் மன்ஸியில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். சிலர் கூட்டியும் சொல்வார்கள், அவர்களை நம்ப வேண்டாம்.

ரமலான் இரண்டாம் நாள். நோன்பு திறந்து, பருப்பு சூப்பில் முதல் கரண்டியை அள்ளி வாய்க்குக் கொண்டுபோன லிஃப்ட் மேஸ்திரி உஸ்தா ஸன்ஹூரியின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. தொலைக்காட்சியில் அவரே நின்றுகொண்டிருந்தார். அதே வழுக்கை, அதே கோணல் தொப்பி, வாயோரத்தில் அதே பல்குச்சி. தொடரின் பெயர் 'ஏழரையாவது மாடி'. ஒரு லிஃப்ட் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே நின்றுபோகிறது. கதவைத் திறந்தால் முந்நூறு வருஷம் கழித்து வரப்போகிற உலகம். அந்த லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மடையனின் பெயர் ஸன்ஹூரி.

"பெயர் ஒற்றுமையா இருக்கும்" என்றாள் மனைவி.

"பல்குச்சியுமா?"

எழுதியவன் பெயர் திரையில் வந்தபோது அவருக்கு எல்லாம் விளங்கியது. ஷவ்கி. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில், பர்ஹாமின் பழச்சாறு கடை வாசலில், தன் முதல் விஞ்ஞானக் கதையை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியவன். உலகம் முழுக்க நேரம் உறைந்துபோகிறது, கதாநாயகன் மட்டும் நடமாடுகிறான், தாகத்துக்குக் குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிறான் என்பது கதை. வாசித்து முடித்ததும் ஸன்ஹூரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நேரம் நின்னுபோச்சுன்னா குழாயில தண்ணி எப்படிப்பா ஒழுகுது?" அன்றிலிருந்து அவன் ஊருக்கெல்லாம் குழாய் ஷவ்கி. அவனுக்குப் பெண் கேட்கப் போன வீட்டில்கூட, "அந்தக் குழாய்ப் பையனா?" என்றார்களாம். அவன் கெய்ரோவுக்குப் போனான். பத்து வருஷம் வஞ்சத்தை ஊறுகாய் போட்டு வைத்திருந்து, இப்போது ஜாடியைத் திறந்துவிட்டான்.

ஸன்ஹூரியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒருவன் பழி தீர்த்தால், அதை வட்டியோடு திருப்பித் தராமல் தூங்குகிற பழக்கம் அவர் பரம்பரையில் கிடையாது.

மறுநாளிலிருந்து தினமும் மாலை பர்ஹாம் கடைக்குப் போனார். நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது அங்கே ஊரே வரிசையில் நிற்கும். பையில் கட்டிய புளிப்பானகம் எல்லோர் கையிலும் தொங்கும். யாரும் குடிக்க முடியாது, புகைக்கவும் முடியாது. ஆகவே எல்லோருக்கும் கோபம் வரும். ஒரு தொடரைக் கிழித்துத் தோரணம் கட்ட இதைவிட நல்ல நேரம் இல்லை. பக்கத்து மருந்துக் கடை டாக்டரம்மா தஹானி வெள்ளைக் கோட்டோடு அங்கேயே நிற்பாள். தொடர்களில் கதை பொருந்தாத இடங்களைப் பிடித்துப் போட 'ஓட்டை எண்ணுவோர் சங்கம்' என்று முகநூலில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். நாற்பதாயிரம் பேர் அதைப் படித்தார்கள்.

"எழுதிக்கோங்க டாக்டரம்மா" என்றார் ஸன்ஹூரி, நாலாம் பகுதி முடிந்த மறுநாள். "பூட்டின லிஃப்டுக்குள்ளேருந்து எதிர்காலத்துப் பட்டாளம் வெளிய வந்துச்சே, சாவி யார் கொடுத்தா?"

கூட்டம் கெக்கலித்தது. தஹானி பதிந்தாள். நாற்பதாயிரம் பேரும் சிரித்தார்கள். ஸன்ஹூரி அன்று மூன்று நோன்பின் பலனும் சேர்ந்து கிடைத்தது போல வீட்டுக்கு நடந்தார்.

எல்லா ரமலான் தொடரையும் போல இதுவும் அரைவேக்காட்டில் ஒளிபரப்புக்கு வந்தது. முதல் ஐந்து நாளுக்குத்தான் சரக்கு. மீதியை அன்றன்றைக்கு எழுதி, எடுத்து, சூடு ஆறாமல் அனுப்புவார்கள். ஊர் என்ன பேசுகிறது என்று எழுதுகிறவனுக்குத் தெரியும். ஆறாம் பகுதியில் பதில் வந்தது. ஸன்ஹூரி என்ற மடையன் டீ குடிக்கப் போன அவசரத்தில் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டானாம்.

"அப்படியா சேதி" என்றார் ஸன்ஹூரி. ஏழாம் பகுதிக்கு அடுத்த ஓட்டையை வீசினார். ஊர் முழுக்க மின்சாரம் இல்லாதபோது லிஃப்ட் எப்படி மேலே ஏறியது? ஒன்பதாம் பகுதியில் பதில் வந்தது. ஸன்ஹூரி ரொட்டிக் கடையிலிருந்து திருட்டு ஒயர் இழுத்திருந்தான். அடுப்பு வெடித்து ரொட்டியெல்லாம் கரி. மறுநாள் நிஜமான ரொட்டிக் கடைக்காரன் நிஜமான ஸன்ஹூரிக்கு ரொட்டி தர மறுத்தான்.

"நான் என்னடா செஞ்சேன்?"

"கடைக்குப் பின்னால ஒயர் போகுதான்னு பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் நில்லு."

பதினோராம் பகுதியில் கதாநாயகனான டாக்டர் யாஸீனின் செத்துப்போன அப்பா கதவைத் தட்டினார். செத்தவர் எப்படி வந்தார் என்று ஸன்ஹூரி கேட்டார். பதின்மூன்றாம் பகுதியில் ஸன்ஹூரி தப்பான பொத்தானை அழுத்தி அவரை எழுப்பிக் கூட்டிவந்தது தெரியவந்தது.

இதுதான் முதுகெலும்பில் விழுந்த அடி. ஊர் நடுவில் நின்ற வர்தா கட்டடத்தின் பதினோரு மாடி லிஃப்டைப் பத்தொன்பது வருஷமாக அவர்தான் பார்த்து வந்தார். அவர் பெயருக்கு முன்னால் உஸ்தா என்ற சொல் நின்றதே அந்த லிஃப்டால்தான். ஐந்தாம் மாடி ஹாஜியம்மா நஃபூஸா, இரண்டு முட்டியும் தேய்ந்தவள், பையைத் தூக்கிக்கொண்டு படியேறத் தொடங்கினாள்.

"ஹாஜியம்மா, லிஃப்ட் நல்லா ஓடுதே" என்றார்.

"ஓடும். எங்க வீட்டுக்காரர் போய் நாலு வருஷமா நான் நிம்மதியா இருக்கேன். நீ பாட்டுக்கு பொத்தானை மாத்தி அமுக்கி அவரைக் கூட்டிட்டு வந்துட்டேன்னா?"

பெருநாள் கழிந்ததும் கூட்டம் போட்டு லிஃப்டை வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்று குடியிருப்போர் பேசிக்கொண்டார்கள்.

தஹானிதான் உடைத்துச் சொன்னாள். "உஸ்தா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஓட்டையைக் காட்டுறீங்க. அவன் உங்களையே பிசைஞ்சு அதுல அப்புறான். அவனுக்கு சிமெண்டு செலவே இல்லை."

"அப்ப வாயை மூடிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"மூடினா அதையும் எழுதுவான்."

ஸன்ஹூரி இரண்டு நாள் பேசவில்லை. லிஃப்டின் மேல் ஏறி உட்கார்ந்து, கயிற்றுக்கு எண்ணெய் போட்டபடி யோசித்தார். எந்த ஓட்டையைக் காட்டினாலும் ஸன்ஹூரி தலையில்தான் விழப்போகிறது. ஷவ்கிக்கு வேறு யோசிக்க நேரமும் இல்லை, பழகியும்விட்டான். சரி, விழுகிறதுதான் விழுகிறது. எது விழ வேண்டும் என்பதை நாமே தீர்மானித்தால் என்ன?

பதினாறாம் நாள் கடைக்கு வந்தார். அதற்கு முந்தைய பகுதியில் டாக்டர் யாஸீன் உருக்கமாகப் பேசி எதிரிக் கப்பலைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஊரே அழுதிருந்தது.

"கப்பல் எப்படித் திரும்பிச்சு?" என்றார் ஸன்ஹூரி. "பேசினாத் திரும்புமா? அவ்ளோ எடை இருக்கே."

பர்ஹாம் தலையைச் சொறிந்தான். "உஸ்தா, அது ஓட்டையே இல்லையே. அது நல்ல சீன்."

"நல்ல சுவத்துலதான்டா ஆணி அடிக்கணும். ஓட்டைச் சுவத்துல அடிச்சா நிக்குமா? போடுங்க டாக்டரம்மா."

தஹானி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பதிந்தாள். பதினெட்டாம் பகுதியில் உண்மை வெளிவந்தது. ஸன்ஹூரி கப்பலின் வாலை லிஃப்டைச் சமன் செய்யும் எதிர் எடையோடு கட்டிவிட்டிருந்தான், மறதியாக.

அதன்பின் அவர் வெற்றிகளை மட்டுமே தேடிப் பிடித்துச் சந்தேகப்பட்டார். விஷப்புகை எப்படி அடங்கியது? ஸன்ஹூரி விசிறியைத் தலைகீழாக மாட்டியிருந்தான். எதிரித் தளபதியின் துப்பாக்கி ஏன் வெடிக்கவில்லை? ஸன்ஹூரி அதற்குக் கிரீஸ் தடவியிருந்தான். யாஸீன் சிறையிலிருந்து தப்பியது யாரால்? கேட்கவே வேண்டாம். இருபத்துநாலாம் பகுதிக்குள் மனித குலம் ஏழு முறை காப்பாற்றப்பட்டிருந்தது, ஏழு முறையும் அந்த மடையனால். பிள்ளைகள் வாயில் பல்குச்சியோடு பள்ளிக்கூடம் போனார்கள். ரொட்டிக் கடைக்காரன் வீட்டுக்கே ரொட்டி அனுப்பினான்.

யாஸீனாக நடித்த நட்சத்திரத்துக்கு இது பொறுக்கவில்லை. "நான் என்ன லிஃப்ட்காரனுக்கு எடுபிடியா?" என்று இருபத்தேழாம் நாள் படப்பிடிப்பிலிருந்து எழுந்து போனார். அவர் பின்னால் கதாநாயகியும் தளபதியும் போனார்கள்.

இந்தச் செய்தியைப் பர்ஹாம் சொன்னபோது ஸன்ஹூரி சிரிக்கவில்லை. புளிப்பானகப் பையைக் கன்னத்தில் ஒற்றிக் குளிர்ச்சி பார்த்தார். இருபத்தொன்பதாம் நாள் காலையிலேயே மருந்துக் கடைக்குப் போனார்.

"கடைசி ஓட்டை, டாக்டரம்மா. எதிர்கால வாசல் இன்னும் திறந்தே கிடக்கு. உள்ளேருந்து ஒருத்தன் சாத்தினாத்தான் மூடும், சாத்தினவன் வெளிய வர முடியாதுன்னு மூணாம் பகுதியில அவனே சொல்லிட்டான். யார் உள்ள போகப் போறா?"

"ஸன்ஹூரிதான் போவான். அவன்தான் எல்லாத்தையும் செய்யறானே."

"முடியாது. ஸன்ஹூரி மொட்டைமாடியில மோட்டார் பிரேக்கைப் பிடிச்சுட்டு நிக்கணும். விட்டா லிஃப்ட் கீழ போயிடும். நான் கேட்டேன்னு இருபத்தாறுல அவனே எழுதினான்."

தஹானி விரலை மடக்கி எண்ணினாள். யாஸீன் போயாயிற்று. கதாநாயகி போயாயிற்று. தளபதியும் இல்லை. மறுநாள் மாலை ஒளிபரப்பு. புதிதாக ஒரு நடிகனைப் பிடிக்க நேரமில்லை.

"அப்ப மிச்சம் இருக்கிறது..." என்றாள்.

"பதிஞ்சுடுங்க. நோன்பு நேரத்துல அதிகம் பேசக் கூடாது."

முப்பதாம் பகுதியை ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தது. கடைசிக் காட்சியில், கசங்கிய சட்டையும் கண்ணாடியுமாக, நடிக்கவே தெரியாத ஒருவன் வந்து நின்றான். வியர்த்துக் கொட்டியது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு முறை கேமராவைப் பார்த்தான். பிறகு குனிந்த தலையோடு லிஃப்டுக்குள் போய், உலக நன்மைக்காகக் கதவைச் சாத்திக்கொண்டான். மொட்டைமாடியில் திரை ஸன்ஹூரியைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். உள்ளிருந்து தட்டுகிற சத்தம், பெயர்ப் பட்டியல் ஓடி முடியும் வரை கேட்டது.

"சத்தத்தைக் கூட்டு" என்றார் ஸன்ஹூரி மனைவியிடம்.

பெருநாள் மூன்றாம் நாள் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. ஹாஜியம்மா நஃபூஸா லிஃப்டில் இறங்கி வந்து முதல் ஆளாகக் கை தூக்கினாள். "பூமியைத் தூக்கி நிறுத்தினவன் என்னை அஞ்சாம் மாடிக்குத் தூக்க மாட்டானா?" இன்னொரு பத்தொன்பது வருஷத்துக்கு லிஃப்ட் ஸன்ஹூரியிடமே விடப்பட்டது.

அன்று மாலை கெய்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது.

"உஸ்தா, ஷவ்கி பேசறேன். மனசு குளிர்ந்துச்சா?"

"முழுசா இல்லப்பா. நீ உள்ள போறப்ப கதவை உன் பக்கமா இழுத்துச் சாத்தினியே, அந்த மாடல் லிஃப்டுல கதவு வெளிப்பக்கமாத்தான் திறக்கும், உள்ள கைப்பிடியே கிடையாது. எதைப் பிடிச்சு இழுத்தே?"

மறுமுனையில் டொக்கென்று ஒரு சத்தம். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதை அவர் ஒரு டம்ளர் புளிப்பானகத்தை மடமடவென்று குடித்துக் கொண்டாடினார்.

கஃப்ர் மன்ஸியில் அன்றும் இன்றும் இரண்டு மாடிக்கு மேல் கட்டடம் கிடையாது, லிஃப்ட் ஒன்றுகூட வந்ததில்லை.