கேட்டுக்குப் போன களிம்பு

அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் தராசு. தோல் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். அவள் மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னத் தராசு ஒன்று இருக்கும். பக்கத்தில் நின்று தும்மினால்கூட அதில் எண் மாறும். நாங்கள் திருப்பிக் கொண்டுவரும் களிம்பு டியூபை அதில் வைப்பாள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவாள். குறைந்திருந்தால் ஒழுங்காகப் பூசியிருக்கிறோம் என்று அர்த்தம்.

நாங்கள் என்றால் பன்னிரண்டு பேர். எல்லோரும் சிமெண்டில் கை வைத்துப் பிழைக்கிறவர்கள். நான் நாற்பது வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறேன். சிமெண்ட் கையைத் தின்னும். முதலில் அரிக்கும். பிறகு தோல் தடித்துக் கட்டையாகும். பிறகு விரல் மடிப்பில் வெடிக்கும். என் வீட்டுக்காரி துணி தைக்கிறவள். "உங்க கை பட்டாலே துணியில நூல் பிரியுதுங்க, தள்ளி உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே என்னை அந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே களிம்பு இலவசம் என்றார்கள். இலவசம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் வெளியே போகிற வழி எங்கே என்று பார்ப்பேன். "எங்க மேல தடவிப் பாத்துட்டு, அப்புறம் பெரிய இடத்துப் பிள்ளைங்களுக்குக் குடுப்பீங்க, அதானே?" என்று தராசிடம் கேட்டேன்.

"இல்ல மேஸ்திரி. என் கையிலயும் ஒரு மாசம் தடவிட்டுதான் உங்களுக்குத் தர்றேன்" என்று கையைக் காட்டினாள். பூப்போல இருந்தது. சிமெண்டையே பார்க்காத கை பூப்போல இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

இருந்தாலும் ஒரு நாள் பூசினேன். காலையில் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். முதல் டைலைத் தூக்கினேன், வழுக்கிக்கொண்டு கீழே போய் நாலாகச் சிதறியது. வேலை நடந்த வீட்டின் சொந்தக்காரம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்னு சொன்னாங்க" என்றார். அதோடு களிம்புக்கு ஒரு கும்பிடு.

ஆனால் ரெண்டு வாரத்தில் டியூபைத் திருப்பிக் காட்ட வேண்டும். நாற்பது கிராம் டியூப்; முப்பது கிராம் போயிருக்க வேண்டும். போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் நின்று யோசித்தேன். எங்கள் வீட்டு இரும்பு கேட் திறந்தால் தெரு முழுக்கக் கேட்கும். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று நாலு வீடு தள்ளி இருப்பவனுக்கும் தெரியும். டியூபைப் பிதுக்கி மேல் கீல், கீழ்க் கீல் இரண்டிலும் அப்பினேன். முன்னும் பின்னும் ஆட்டினேன். சத்தமே இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று அப்போதுதான் நம்பினேன்.

மறுநாள் தராசு டியூபை வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "மிச்சம் சரியா பத்து கிராம்! மேஸ்திரி, யாருமே இவ்வளவு ஒழுங்கா பூசலை" என்று நோட்டில் பச்சை மையால் பெரிய டிக் அடித்தாள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். என் நோட்டில் வாத்தியார் போட்டதெல்லாம் சிவப்பு மைதான். இந்த வயதில் ஒரு பச்சை டிக். மாடிப்படி இறங்கும்போது அதையே நினைத்துக்கொண்டு இறங்கினேன், கடைசிப் படி இருப்பதை மறந்துவிட்டேன்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. டியூபின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தில் கீழிருந்து மூன்றாம் வரி வரை சுருட்டினால் மிச்சம் பத்து கிராம் நிற்கும். டைல்ஸ்காரன் கைக்கு அளவு சொல்லித்தர வேண்டியதில்லை. கேட் முடிந்ததும் சைக்கிள் செயின். பிறகு ஜன்னல் கொக்கி, வீட்டுக்காரியின் தையல் மிஷின். மூன்று மாதத்தில் வீடே ஊமையாகிவிட்டது.

"எங்கேருந்துங்க இந்த கிரீஸ் வாங்குறீங்க? மிஷின் வெண்ணெய் மாதிரி ஓடுது" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"வேலை எடத்துல மிச்சம்" என்றேன்.

ஆறு தடவை போனேன். ஆறு பச்சை டிக். கை மட்டும் அப்படியே இருந்தது. தராசு பூதக்கண்ணாடி வைத்து விரல் மடிப்பைப் பார்ப்பாள், உதட்டைக் கடிப்பாள். "எட்டு பேருக்கு நல்லா ஆறிடுச்சு. நாலு பேருக்கு ஆறலை. அதுலயும் நீங்கதான் ஒரு சொட்டு மருந்து விடாம பூசுறீங்க, உங்களுக்குத்தான் ஒண்ணுமே ஆகலை. புரியவே இல்லையே" என்பாள்.

எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை காலையில் போன் பண்ணி வரச் சொன்னாள். போனேன். மேசை மேல் தட்டச்சு செய்த தாள்கள் அடுக்காக இருந்தன. சுவரில் ஒரு நோட்டீஸ். தோல் ஆராய்ச்சிச் சங்கம் வருஷா வருஷம் தருகிற பரிசுகள் அதில் வரிசையாக இருந்தன. பெரிய ஆராய்ச்சியாளருக்கு ஒன்று, வெளியூர் மாநாட்டுக்குப் போக உதவி ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று. மாணவர் பரிசு கிடைத்தால் ஒரு வருஷத்து ஆராய்ச்சிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் அவர்கள் பொறுப்பு.

"ரெண்டு வருஷமா போட்டுப் பாத்தேன், கிடைக்கல" என்றாள் தராசு. "இதுதான் கடைசி. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இதுவும் போச்சுன்னா, கிரீம் கம்பெனியில வேலைக்குச் சேரணும். வீட்டுல சொல்லிட்டாங்க."

"என்ன கிரீம்?"

"மூஞ்சி வெளுக்கிற கிரீம்."

"வெளுக்குமா?"

"டப்பா வெளுப்பா இருக்கும்."

"இந்தப் பரிசெல்லாம் யாருக்குன்னு முன்னாடியே பேசி முடிச்சிருப்பாங்கம்மா. உன் தாளைப் பிரிச்சுக்கூட பாக்க மாட்டாங்க" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"இந்தத் தடவை பாப்பாங்க. ஏன்னா, இந்தத் தடவை என்கிட்ட நீங்க இருக்கீங்க."

அவள் தாளை எடுத்து வாசித்தாள். சிலருடைய தோல் மட்டும் ஏன் இந்த மருந்துக்கு மசியவில்லை என்று ஒரு வருஷம் ஆராயப் போகிறாளாம். "குறிப்பாக ஏழாம் எண் நோயாளி. இவர் பன்னிரண்டு வாரமும் மருந்தைத் தவறாமல் பயன்படுத்தியது எடை மூலம் உறுதி செய்யப்பட்டது. ஆயினும் இவரது தோலில் எந்த மாற்றமும் இல்லை. இத்தகைய தோல் இதுவரை ஆராயப்படவில்லை."

ஏழாம் எண் நான்.

"உங்க தோலைப் பத்தி எழுத உங்க சம்மதம் வேணும். இங்க ஒரு கையெழுத்து" என்று பேனாவை நீட்டினாள்.

படிக்காமல் எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம். அன்றைக்கு எல்லாம் வாசித்துக் காட்டிவிட்டாள், ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அந்தத் தாளில் ஏமாற்றுக்காரன் ஒருத்தன்தான் இருந்தான், அவனுக்கு எண் ஏழு. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போட்டுவிட்டுப் போனால் எனக்கு ஒன்றும் இல்லை. இவள் ஒரு வருஷம் கேட்டுக் கீலுக்கு ஏன் அரிப்பு ஆறவில்லை என்று ஆராய்ச்சி பண்ணுவாள். ஒரு நாள் யாராவது கண்டுபிடித்தால், நாலு பேர் முன்னால் தலைகுனியப் போகிறவள் இவள்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"அந்த மருந்து என் கையில படவே இல்லம்மா."

"என்னது?"

"முதல் நாள் மட்டும் பூசினேன். டைல் வழுக்கி உடைஞ்சுது. அப்புறம் எல்லாம் கேட்டுக்குப் போச்சு. கொஞ்சம் சைக்கிளுக்கு. தையல் மிஷினுக்கும்."

அவள் எழுந்து போய், அலமாரியில் இருந்த என் பழைய டியூபை எடுத்துத் தராசில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். பத்து கிராம். மறுபடியும் எடுத்து வைத்தாள். மறுபடியும் பத்து கிராம்.

"பன்னிரண்டு வாரம்!" என்று கத்தினாள். அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "பன்னிரண்டு வாரம் மேஸ்திரி! ஆறு டிக் போட்டேன்! ராத்திரி தூக்கமில்லாம உங்க தோலைப் பத்திப் படிச்சேன். வேற நாட்டு ஆராய்ச்சியெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். நீங்க கேட்டுக்குப் பூசினீங்களா?"

"திட்டு. நல்லா திட்டு."

"திட்டத்தான் போறேன்!" என்று திட்டினாள். படித்த பெண் இல்லையா, கெட்ட வார்த்தை ஒன்றும் வரவில்லை. "நீங்க எல்லாம்... நீங்க எல்லாம்..." என்று நாலு தடவை ஆரம்பித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "சைக்கிள் எப்படி ஓடுது?" என்று கேட்டாள்.

"அருமையா ஓடுது."

அழுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் மாறியது. "அப்போ ஆறாத மத்த மூணு பேர்?"

அதுதான் எனக்கும் தோன்றியது. "நீ கேட்டா சொல்ல மாட்டானுங்க. 'தினமும் ரெண்டு வேளை பூசுறேன் மேடம்'னுவானுங்க. போனைக் குடு."

முதலில் மூக்குக்குப் போன் அடித்தேன். மூக்கு என்பவன் கலவை போடுகிறவன். அவன் தெரு முனையில் திரும்பினால் மூக்குதான் முதலில் வரும். "டேய், களிம்பை எங்கடா தேச்ச? உண்மையைச் சொல்லு, நான் கேட்டுக்குத் தேச்சேன்" என்றேன்.

"நீயுமாண்ணே? நான் ஷூவுக்குத் தேச்சேன். என்னா பளபளப்பு தெரியுமா" என்றான்.

"ஏன் கையில பூசல?"

"மண்வெட்டி நிக்கல, வழுக்குது."

இரண்டாவது ஆள் கம்பி கட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசுவானாம். மற்ற நாள் பூசினால் கம்பி கையில் சுழல்கிறதாம். மிச்சத்தைச் சாக்கடையில் பிதுக்கிவிட்டான். மூன்றாவது ஆள் சாரத்தில் ஏறிப் பூச்சு வேலை செய்கிறவன். அவன் நேராகவே சொன்னான்: "என் பொண்டாட்டி குதிகாலுக்குப் பூசினேண்ணே. பத்து வருஷத்து வெடிப்பு, குழந்தை கால் மாதிரி ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு டியூப் கெடைக்குமான்னு கேட்டுச் சொல்லு."

போன் சத்தம் வெளியே கேட்கும்படி வைத்திருந்தேன். தராசு வாயைப் பொத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். மற்ற எட்டுப் பேருக்கும் அடித்தேன். அவர்கள் உண்மையாகவே பூசியவர்கள். ஆனால் எல்லோரும் வேலை முடிந்து வந்து, கை கழுவின பிறகுதான் பூசியிருக்கிறார்கள். காலையில் ஒருத்தனும் பூசவில்லை.

"ஒழுங்கா பூசின எல்லாருக்கும் ஆறியிருக்கு" என்றாள் தராசு மெதுவாக. "குதிகால் உட்பட. மருந்து தப்பில்ல. பிடிதான் வழுக்குது. அதை ஒருத்தரும் என்கிட்ட சொல்லல."

"நீ எடைதானே பாத்த. எங்களை எங்க கேட்ட?"

முறைத்தாள். ஆனால் அதையும் எழுதிக்கொண்டாள்.

அவளுடைய பெரிய டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வருஷம் விட்டுடும்மா. தப்பு நடந்த ஆராய்ச்சிக்கு யாரு பரிசு தருவாங்க?" என்றார்.

"தப்பையும் எழுதியே அனுப்புறேன் சார். எடை பாத்து நம்பினது என் தப்பு. அதையே முதல் வரியில போடுறேன்."

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அனுப்பினாள். அதில் நான் கையெழுத்துப் போட்டேன். ஏழாம் எண் நோயாளி களிம்பைக் கேட்டுக்குப் பூசினார் என்று தெளிவாக இருந்தது. என்னைப் பற்றி யாரோ எழுதி, நான் பொய் என்று சொல்ல முடியாத முதல் தாள் அதுதான்.

புறப்படும்போது கையில் இரண்டு டியூபைத் திணித்தாள். "வேலை முடிஞ்சு வந்து பூசணும். கையில. உங்க கையில."

வீட்டுக்காரியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ என் மிஷினுக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு தினமும் சாயங்காலம் எதிரில் உட்கார்ந்து, நான் பூசுகிறேனா என்று போலீஸ்காரி மாதிரி பார்த்தாள்.

ஏழு வாரம் போனது. சங்கத்திலிருந்து தராசை நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள் என்று தெரியும். அதன் பிறகு தகவல் இல்லை. கிரீம் கம்பெனிக்காரன் சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தான். பேசி முடித்துவிட்டார்கள், நான் அப்போதே சொன்னேன் என்று வீட்டுக்காரியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட் கத்தியது. களிம்பெல்லாம் காய்ந்து, அது பழைய குரலுக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு தடவை கத்தியது. மறுபடி கத்தியது. மறுபடியும். யாரோ வேண்டுமென்றே திறந்து மூடுகிறார்கள். கோபமாக வெளியே போனேன்.

தராசு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காதைக் கீலுக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை ஆட்டினாள். கிரீச்.

"நல்லா கத்துது மேஸ்திரி. அப்போ மருந்து சரியான எடத்துக்குத்தான் போகுது. கையைக் காட்டுங்க."

காட்டினேன். விரல் மடிப்பில் வெடிப்பு மூடியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"பரிசு?" என்றேன்.

"அஞ்சு பேர் உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் கேட்டார், நோயாளிங்க இப்போ சொல்றது மட்டும் உண்மைன்னு எப்படி நம்புறதுன்னு. எனக்குத் தெரியாது சார், அதுக்குத்தான் ஒரு வருஷம் கேக்குறேன்னேன்."

"அதுக்கு?"

"குடுத்துட்டாங்க. ஒரு வருஷம்."

வீட்டுக்காரி உள்ளேயிருந்து ஓடி வந்து அவள் கன்னத்தைப் பிடித்தாள். முன்னாடியே பேசி முடித்திருப்பார்கள் என்று சொன்னவன் என்ன சொல்வான்?

"திங்கட்கிழமை பூச்சுக் கரண்டியும் நாலு டைலும் எடுத்துட்டு வாங்க" என்றாள் தராசு. "வழுக்காத களிம்பு மூணு விதமா கலந்திருக்கேன். பூசிக்கிட்டு எங்க லேப் சுவத்துல ஒட்டிக் காட்டணும். நான் பக்கத்துலயே நின்னு பாப்பேன். உங்களை இனிமே நம்ப மாட்டேன்."

"நம்பாதே. அதுதான் நல்லது" என்றேன்.

அவள் போகும்போது கேட் கத்தியது. நாலு வீடு தள்ளி இருப்பவன் எட்டிப் பார்த்து, யார் வந்தது என்று கேட்டான். என்னால் பரிசு வாங்கிய பெண் என்று சொல்ல வாயெடுத்தேன். திருத்திக்கொண்டேன். "டாக்டரம்மா" என்றேன்.

வீட்டுக்காரி மட்டும் இன்னும் முணுமுணுக்கிறாள். அவளுடைய மிஷினுக்கு நல்ல கிரீஸ் ஒன்று கடையில் வாங்க வேண்டும்.