தமிழின் மேல் போட்ட தமிழ்

வாருங்கள், வந்து இந்தத் திரையின் முன் நில்லுங்கள். வேலை இருக்கிறதென்று விலகிப் போகாதீர்கள். ஒரு நிமிடம்கூட நீளாத காட்சிதான். கொழும்பு ஜிந்துப்பிட்டியின் ஒழுங்கையொன்றில், இடிந்து கிடக்கும் மதிலின் முன் ஒரு பெண் நிற்கிறாள். பெயர் தனபாக்கியம். அந்த மதிலின் அடியிலிருந்துதான் அன்று காலை அவளுடைய கணவனை எடுத்தார்கள், உயிரோடு அல்ல. அவள் பேசுகிறாள். தமிழில் பேசுகிறாள். ஆனால் உங்கள் காதில் விழுவது அவள் குரலல்ல. அவளுடைய தமிழைத் தாழ்த்திவிட்டு, அதன் மேல் வேறொருத்தியின் தமிழைப் போட்டிருக்கிறார்கள். தமிழ்ச் செய்தியில், தமிழர் பார்ப்பதற்கென்று, தமிழ்ப் பெண்ணின் பேச்சுக்குத் தமிழிலேயே மொழிபெயர்ப்பு! இந்த அக்கிரமத்தை நம்மில் எத்தனை பேர் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தோம்?

இதை முதலில் கண்டு கொதித்தவள் மேனுகா. வெள்ளவத்தைப் பெண். அங்கேயே, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், குளிரூட்டிய அறைகளோடு நடக்கும் தனியார் நிறுவனமொன்றில் ஊடகத்துறைப் பட்டப்பின் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தாள். வங்கிக்குப் போ என்று வீட்டில் சொன்னார்கள். செய்தியாளராவேன் என்று பிடிவாதமாய் நின்று சேர்ந்தவள். படிப்பின் கடைசிக் கட்டம், ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் பயிற்சி. அந்தப் பிரிவின் பொறுப்பாளர் யோகநாதன். சனிக்கிழமைதோறும் அவளுக்கு ஊடக அறம் கற்பித்த விரிவுரையாளரும் அவரே. பயிற்சிக்குப் புள்ளி போடுபவரும் அவரே. அவர் தேறினாள் என்று சொல்லாவிட்டால் டிப்ளோமா கிடையாது.

பயிற்சி என்றால் களத்துக்குப் போவது என்றுதான் மேனுகா நினைத்திருந்தாள். தமிழ்ப் பிரிவுக்குக் கமராவும் இல்லை, வாகனமும் இல்லை. சிங்களப் பிரிவு வெட்டி ஒட்டி முடித்த செய்தி பிற்பகலில் வந்து சேரும். அதைத் தமிழாக்கிக் குரல் கொடுத்தால் வேலை முடிந்தது. கொட்டாஞ்சேனையில் நெருப்புப் பிடித்தாலும் கொட்டாஞ்சேனைத் தமிழருக்கு அது சுற்று வழியாகத்தான் வந்து சேரும்.

அன்று அவள் கையில் கிடைத்த தாளில் தனபாக்கியம் சொன்னதாக இருந்தது இவ்வளவுதான்: “கடும் மழை பெய்தது. மதில் விழும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எங்களுக்கு உதவுங்கள்.”

குரல் பதியும் அறைக்குள் போகுமுன் அவள் எடிட்டிங் மேசையடியில் நின்றாள். மேசையில் இருந்தவன் மெல்ரோய், கொட்டாஞ்சேனைக்காரன், தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் ‘நங்கி’ என்றே சொல்பவன்.

“மெல்ரோய், அந்த மனுசியின்ட சொந்தக் குரலை ஒருக்காக் கூட்டும் பாப்பம்.”

“எதுக்கு நங்கி? ஸ்க்ரிப்ட் கையில தானே இருக்கு. வாசிச்சிட்டுப் போய் ப்ளேன்டீ குடி.”

“அவ தமிழெல்லோ கதைக்கிறா! தமிழுக்கு என்னத்துக்கு ஸ்க்ரிப்ட்?”

“வந்த புதுசுல நானும் இதத்தான் கேட்டன். பதில் கிடைக்கல்ல. சம்பளம் கிடைச்சிச்சு, வாய மூடிட்டன்,” என்று சிரித்தபடியே அவன் ஒலியைக் கூட்டினான்.

தனபாக்கியத்தின் குரல் அறையை நிறைத்தது.

“மழைன்னு சொல்லாதீங்கய்யா! இது சாமான் அடுக்குற ஸ்டோர்ஸ்காரங்க மதிலு. வைகாசியிலயே சாஞ்சிருச்சு. எங்க வீட்டுக்காரரு மொதலாளிகிட்ட நடையா நடந்தாரு. ‘விழுந்தா பாப்போம், போய்யா’ன்னு வெரட்டுனாங்க. இந்தா விழுந்துருச்சு! வந்து பாக்கச் சொல்லுங்க அவங்கள!”

மெல்ரோயின் சிரிப்பு நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். களத்துக்குப் போன சிங்கள இளைஞனுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற த்ரீவீல் ஆட்டோக்காரரிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டான். அவசரத்தில் நின்ற அந்த மனிதர், மழையாம், மதில் விழுந்ததாம், பாவம், உதவி கேட்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது சிங்களச் செய்தியாயிற்று. அவர்கள் இருவரையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். தமிழ் தெரிந்தவர்கள், தமிழால் சோறு உண்பவர்கள், ஒரு கூடம் நிறைய இருந்தார்களே! அவர்களில் ஒருவரும் ஒலியைக் கூட்டிக் கேட்கவில்லை. ஒரு குற்றச்சாட்டு அந்தக் கட்டடத்தின் ஒரு மாடியிலிருந்து மறுமாடிக்கு வருவதற்குள் பிச்சையாக மாறியிருந்தது.

மேனுகா தாளோடு யோகநாதனின் மேசைக்குப் போனாள்.

“சேர், இது அவ சொன்னதில்லை. நான் கேட்டுப் பாத்தனான்.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “பிள்ளை, மெயின் நியூஸில என்ன போகுதோ அதுதான் எங்கட நியூஸிலயும் போகவேணும். ரெண்டும் ரெண்டு மாதிரிச் சொன்னால் மேல இருந்து போன் கோல் வரும். ஆர் பதில் சொல்லுறது, நீரோ?”

“ஓம் சேர், நான் சொல்லுறன். இல்லாட்டி ஒண்டும் செய்யத் தேவையில்லை, அவவின்ட குரலை அப்பிடியே விடுவம்.”

“நீர் இன்னும் படிக்கிற பிள்ளை.”

“நீங்கள் படிப்பிச்சதைத்தான் சொல்லுறன் சேர். கதைக்கிற ஆளின்ட கருத்தை மாத்தக் கூடாதெண்டு போன சனிக்கிழமை போர்ட்டில எழுதினீங்கள்.”

“அது சனிக்கிழமை,” என்றார் யோகநாதன். “இண்டைக்குச் செவ்வாய்.”

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “வாசிக்கிறீரோ, இல்லையோ?”

ஒரு சொல்லில் இரண்டு வருடப் படிப்பு போய்விடும் என்பது மேனுகாவுக்குத் தெரிந்தது. வீட்டில் அப்பாவின் முகம் எப்படி மாறும் என்பதும் தெரிந்தது. ஆனாலும், சற்றுமுன் கேட்ட அந்தக் குரலின் மேல் தன் குரலை வைத்து அழுத்த அவளால் முடியவில்லை.

“வாசிக்க மாட்டன், சேர்.”

அவளோடு படித்த யதுஷா எழுந்தாள். “தாங்கோ சேர், நான் வாசிக்கிறன்.” கடந்து போகையில் மேனுகாவின் காதருகே குனிந்தாள். “முறைக்காதை. நீ வாசிக்காட்டி செத்த ஆள் எழும்பி வரப்போறாரோ? என்ர அப்பா என்னை அனுப்பினது சண்டித்தனம் காட்ட இல்லை.”

அருமையாக வாசித்தாள். எழுத்துப் பிசகவில்லை, மூச்சுத் தட்டவில்லை. விதவை ஒருத்தியின் வாயை அந்த அழகான தமிழால் அடைத்துவிட்டு வெளியே வந்தவளுக்கு யோகநாதன் தலையசைத்துப் பாராட்டினார். இன்று அவள் அங்கே சம்பளத்துக்கு இருக்கிறாள். மேனுகாவின் பெறுபேற்றில், செய்தி அறை ஒழுக்கத்தை மீறியமையால் சித்தியடையவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

செத்த வீட்டுச் சடங்குகள் முடிந்தபின் அவள் பஸ் ஏறி ஜிந்துப்பிட்டிக்குப் போனாள். தனபாக்கியம் வாசலிலேயே நிறுத்தினாள்.

“நீ டிவியா? என் வாயில பேசுனது நீதானா?”

“இல்லை அக்கா. என்னை வாசிக்கச் சொன்னவை. நான் மாட்டனெண்டிட்டன்.”

“நா என்ன சீனத்துலயா பேசுனேன்? எம் மேல இன்னொருத்தி எதுக்குத் தமிழ் பேசுறா?” அவள் கண் கலங்கவில்லை, கனன்றது. “மதில் கேசு விசாரணையில என்னாச்சு தெரியுமா? ஸ்டோர்ஸ்காரங்க வக்கீலு போனை நீட்டி அந்த டிவியைப் போட்டுக் காட்டுறாரு. ‘அந்தம்மாவே மழைன்னு சொல்லியாச்சு, யாரும் எதிர்பாக்கலன்னு சொல்லியாச்சு’ங்கிறாரு. எம் புருசன் நடந்த நடைக்கு நான் ஒருத்திதான் சாட்சி. எனக்கு எதிரா நானே நிக்கிறேன்!”

மேனுகா விசாரணை அதிகாரியிடம் போய்த் தான் கேட்டதைச் சொன்னாள். அசல் ஒலிப்பதிவு இருந்தால் ஏற்கலாம் என்றார் அவர். நிலையத்திடம் கேட்டாள், தேறாத மாணவிக்குப் பதில் சொல்ல அவசியமில்லை என்றார்கள். கடைசியில் மெல்ரோயைத் தேநீர்க் கடையில் பிடித்தாள்.

“அந்தப் பதிவில ஒரு கொப்பி எடுத்துத் தாரும்.”

“எடுத்தா கம்பியூட்டர் என்ட பேரைக் காட்டும் நங்கி. நானும் பிள்ளைகுட்டிக்காரன்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “இந்த மாசக் கடைசியில அந்த நேரத்துப் பதிவெல்லாம் அழிச்சிருவாங்க. ஆனா வெளியில இருந்து ஆக்கள் கேட்டா, கம்ப்ளெய்ன்ட் எண்டு பதிஞ்சு, அழிக்காம வைக்கோணும். அதுதான் ரூல். சிங்கள நியூஸுக்கு நாளும் கோல் வரும், ஏச்சும் வரும். தமிழ் நியூஸுக்கு ஒருத்தரும் எடுக்கிறல்ல. எங்கட சனம் பாக்குதா எண்டே எங்களுக்குச் சந்தேகம்.”

கேட்டீர்களா? யோகநாதனின் துணிவு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம். அது நம் வீட்டு முன்னறையிலிருந்து வந்தது. பார்த்தோம், உச்சுக்கொட்டினோம், அடுத்த நாடகத்துக்குத் தாவினோம். அதனால்தான் ஓர் உண்மையை விழுங்கியவளுக்கு வேலையும் அதை விழுங்க மறுத்தவளுக்குத் தோல்வியும் கிடைத்தன.

மாதம் இன்னும் முடியவில்லை. வெள்ளவத்தையில் இருப்பவரே, கொட்டாஞ்சேனையில் இருப்பவரே, தெமட்டகொடையில் இருப்பவரே, அந்த நிலையத்துக்குத் தொலைபேசி எடுங்கள். தனபாக்கியம் பேசிய அசல் பதிவை அழிக்காதே, விசாரணைக்குக் கொடு என்று கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையை ஊடகம் படிக்கச் சேர்க்கப் போகும் பெற்றோரே, மேனுகாவை ஏன் தோற்கடித்தீர்கள் என்று அந்த நிறுவனத்தின் வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பதில் வரவில்லையென்றால் மறுபடி எடுங்கள். வைத்துவிட்டால் இன்னொருமுறை எடுங்கள். இன்றைக்கே எடுங்கள்!