தளிரில் ஓடிய வெள்ளிக்கோடு

கார்த்திகை பிறந்தும் கார் விடைபெறவில்லை. பெய்வதும் ஓய்வதுமாக வானம் தன் கொடையை அளந்து அளந்து வழங்கிக்கொண்டிருந்தது. கூடுவாஞ்சேரிக்குக் கிழக்கே, மனைகளாகக் கூறு போட்ட நிலங்களில் நீர் தேங்கி, எல்லைக் கற்களின் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. விலைபோகாத மனை ஒன்றில் தனித்து நின்ற வில்வமரம் கிளைதோறும் செம்பு நிறத் தளிர் விட்டிருந்தது. சோமவாரந்தோறும் சிவபெருமானுக்குச் சங்காபிஷேகம் நடக்கும் மாதம் அது. ஈர மண்ணும் நனைந்த மரங்களும் ஏதோ ஒன்றைக் கேட்பதற்குக் காத்திருப்பவைபோல் அடங்கிக் கிடந்தன.

அந்தத் திங்கட்கிழமைக் காலையில் கோயில் வாசலில் லோகநாயகி கோணியைப் பிரித்ததும், பூ ஒப்பந்தக்காரர் மோகன்ராஜின் முகம் சுருங்கியது. கோயிலுக்கு மாலையும் வில்வமும் கொடுப்பவர் அவர். அவருக்கு வில்வம் பறித்துக் கொடுப்பவள் அவள். இலைகளில் மெல்லிய வெள்ளிக் கம்பியை வளைத்து வளைத்துப் பதித்ததுபோல் கோடுகள் ஓடின.

"இன்னாம்மா இது, நத்தை ஊர்ந்த எலையெல்லாம் அள்ளிகினு வந்துகீற? போன வாரமும் இதே கதை. பூச்சி பட்ட வில்வத்த குருக்கள் கையால தொட மாட்டாரு."

"நேத்து பறிக்கசொல்ல ஒரு கோடு இல்லண்ணா. சுத்தமா இருந்துது."

"அப்ப ராவோட ராவா உங்க வூட்டாண்ட வந்து யாரு கோலம் போட்டது? அடுத்த திங்கக்கெழமையும் இப்படி வந்துச்சுன்னா நான் வில்வத்துக்குக் கோயம்பேடு மார்க்கெட்டுல சொல்லிடுவேன். அப்புறம் என்னாண்ட வந்து நிக்காத."

திங்களன்று வில்வம் பறிக்கலாகாது என்பது முறை. ஆதலால் ஞாயிறு மாலையே பறித்து, நீர் தெளித்துக் கோணியில் வைப்பாள். இறைவனுக்கு இளமையானதே உகந்தது என்று நுனிக்கிளைத் தளிர்களையே பார்த்துப் பார்த்து எடுப்பாள். கணவன் துலுக்காணத்தின் ஷேர் ஆட்டோ மழைக்குப் பாதிநாள் நின்றுவிடுவதால், வீட்டு அடுப்பு இந்த மாதம் முழுவதும் வில்வத்தை நம்பியே எரிந்தது.

துலுக்காணம் நத்தையையே பகைவனாக வரித்துக்கொண்டான். வீட்டைச் சுற்றி உப்பால் ஒரு கோட்டை எழுப்பினான். ஒரு தூறலில் கோட்டை கரைந்தது.

"இன்னொரு பாக்கெட்டு வாங்கியாரட்டா?"

"வேணாய்யா. கொட்ன உப்புக்கு ஒரு கூடை கருவாடு போட்டிருக்கலாம்," என்றாள் லோகநாயகி.

மாலையில் மகள் வினிதா மறைமலை நகரிலிருந்து நீலச் சீருடையோடு வந்தாள். உதிரிபாகத் தொழிற்சாலையில் வார்த்தெடுத்த துண்டுகளை விளக்கருகே பிடித்து விரிசல் பார்ப்பது அவள் வேலை. கழித்துத் தள்ளிய இலை ஒன்றை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தாள். கோடு அசையவில்லை.

"நைனா, தொடச்சா போவாத கோடு மேல இல்ல, உள்ள கீது. எங்க லைன்ல மொத நாளே இதத்தான் சொல்லித் தருவாங்க."

கைப்பேசி விளக்கை இலைக்கு அடியில் பிடித்தாள். வெள்ளிக்கோடு முடியும் இடத்தில், இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே, நூலினும் மெலிந்த ஒரு வெளிர்மஞ்சள் புழு தலையை இடமும் வலமும் ஆட்டித் தின்றுகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கக் கோடு நீண்டது. மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன.

"எலைக்குள்ளயே ரோடு போட்டுகினு போறான் பாரு. நம்ம லேஅவுட் ரோட்ட வுட சோக்கா கீது," என்றான் துலுக்காணம்.

"அப்ப பறிச்சப்புறமும் கோணிக்குள்ள வேலை நடந்துகினுதான் இருந்திருக்கு," என்றாள் லோகநாயகி. அவள் குரலிலிருந்து பாரம் இறங்கியிருந்தது.

ஓரம் மடிந்த இலைகளாகத் தேர்ந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டினாள் வினிதா. வாரம் முடிவதற்குள், மடிப்பிலிருந்து எள்ளில் பாதிகூட இல்லாத ஓர் அந்துப்பூச்சி வெளிவந்தது. வெள்ளிச் சிறகு, சிறகின் நுனியில் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு கரும்புள்ளி.

துலுக்காணம் புட்டியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையோரம் செடி விற்கும் யேசுதாசனிடம் போனான். அவர் ஓர் எலுமிச்சைக் கன்றின் தளிரைத் திருப்பிக் காட்டினார். அதே கோடு.

"இலைத்துளைப்பான். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே குடும்பம்பா. எல்லாமே அதுக்குச் சொந்த வூடு மாரி. ஆனா தளிர்லதான் குடி இருக்கும். முத்துன எலைய அதால கடிக்க முடியாது."

வீட்டில் இதைக் கேட்ட லோகநாயகி சிரிப்புத் தாளாமல் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"சாமிக்கு நல்லதா குடுக்கணும்னு, அது குடியிருக்கிற வூட்டையே பேத்துக் கோணில கட்டியாந்திருக்கேன்யா."

ஞாயிறன்று மூவரும் மரத்தடிக்குச் சென்றார்கள். முற்றிய இலைகள் உட்கிளையில், முள்ளுக்கு நடுவே இருந்தன. துலுக்காணம் துரட்டியால் கிளையை வளைத்தான். லோகநாயகி பறித்து நீட்டியவற்றை வினிதா வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்து, "பாஸ்... பாஸ்... ரிஜெக்ட்," என்று கூவினாள். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் நிறையும் கோணி, பொழுது சாயும்போதுதான் நிறைந்தது.

மறுநாள் மோகன்ராஜ் இலைகளைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார். ஒரு கோடும் அகப்படவில்லை.

"இப்படிக் குடுக்கத் தெரிஞ்சவதானே நீ. சரி, இனிமே நீயே குடு. ரேட்டு பழைய ரேட்டுதான். போன ரெண்டு வாரத்துக் காச மட்டும் கேக்காத."

"அந்தப் பூச்சியாவது பாதி எலைய மிச்சம் வெச்சுதுண்ணா."

அவரும் சிரித்துவிட்டார். கோணியை ஆள் தூக்கிக்கொள்ள, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

ஒலிபெருக்கியில் குருக்களின் குரல் கேட்டது: "இன்றைய வில்வார்ச்சனை உபயம், மோகன்ராஜ் குடும்பத்தார்." திறந்த கதவின் வழியே, மோகன்ராஜின் தோளில் ஒரு சரிகைத் துண்டு விழுவது தெரிந்தது. வாசலில், மிச்ச வில்வத்தைப் பிடி பிடியாக விற்க விரித்திருந்த லோகநாயகி கட்டைவிரலில் ஒடிந்திருந்த முள்ளை ஊக்கால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட ஆசிரியை ஆஷா வந்து, தட்டுக்கு ஒரு பிடி வில்வம் வாங்கினாள். லோகநாயகி கையைத் துடைத்துக்கொண்டு, மூவிலை ஒன்றை எடுத்துக் கண்களில் ஒற்றி, அந்தத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"இது என்னுதுக்கா. இந்தக் கூட்டத்துல வியாபாரத்த வுட்டு உள்ள வர முடியல. சாமிகிட்ட சேத்துடுங்க."

"யார் பேருக்கு அர்ச்சனை பண்ணச் சொல்லட்டும்?"

"பேரு எதுக்குக்கா? எல்லாரும் நல்லா இருக்கட்டும்."