இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

பையைக் கீழே வைப்பதற்கு முன்பே தங்கை மூக்கைச் சுருக்கினாள். நாலு மாதம் கழித்து வந்தவள், "அப்பாவ எப்போ திருப்பிப் போட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"காலைல" என்றேன். அப்போது மணி மூன்று.

தங்கை படித்த பயிற்சியைப் பற்றி வீட்டில் முதலில் சொன்னவன் நான்தான். பார்சல் வண்டி ஓட்டுகிறேன். ஓர் அலுவலகத்தில் கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இளைஞர் வேலைவாய்ப்புக்கான அரசாங்கத் திட்டம், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள இலவசப் பயிற்சி, முடித்தால் வேலை நிச்சயம். பள்ளிக்கூடம் முடித்து இரண்டு வருடமாக அவள் சும்மா இருந்தாள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் பெயிண்டர். "அடுத்தவன் பீமூத்திரம் அள்ளவா உன்ன வளத்தேன்?" என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் மூன்றாம் மாதப் பயிற்சியில் இருந்தபோது அவரே பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போனது. பேச்சும் போனது.

வகுப்பில் பொம்மையை வைத்துக் கற்றதை அவள் வீட்டில் அப்பாவை வைத்துச் செய்தாள். முதல்நாள் துணி மாற்றியபோது அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டார். அவளோ, அங்கே பொம்மைக்குத் தலைமுடியே கிடையாது, உங்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்று ஏதேதோ பேசிக்கொண்டே வேலையை முடித்துவிட்டாள். நாலைந்து நாளில் அவர் கண்ணைத் திறந்து அவளையே பார்க்க ஆரம்பித்தார்.

தேர்வில் அவள்தான் முதல். ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இருந்த ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை. போகமாட்டேன் என்றாள். "நாங்க எதுக்கு இருக்கோம்? உன் பொழப்பப் பாரு" என்றேன். என் மனைவியும் அதையே சொன்னாள். மனசாரத்தான் சொன்னோம். கிளம்புவதற்கு முன் எங்கள் இருவரையும் கட்டிலருகே நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள். "இடது, மல்லாக்க, வலது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ. இழுக்கக்கூடாது அண்ணா, தோல் உரிஞ்சிடும். தூக்கித்தான் நகத்தணும்."

சொன்னபடிதான் ஆரம்பித்தோம். ஆனால் எட்டு மணிக்கு நான் வண்டியை எடுக்க வேண்டும். மனைவிக்குத் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. மதியத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவார்; அவருக்கு முட்டிவலி, தூக்க முடியாது. இரண்டு மணி நேரம் நாலாகி, பிறகு எட்டானது. தங்கை தினமும் மதியம் போன் செய்வாள். "திருப்பினியா அண்ணா?" ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே, "திருப்பியாச்சும்மா" என்பேன்.

ஏழாவது வாரம் இடுப்புக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. பவுடர் போட்டோம். பிறகு களிம்பு. தங்கையிடம் சொன்னால் வேலையை உதறிவிட்டு வந்து நிற்பாள் என்று மனைவியிடம் சொன்னேன். அது பாதி உண்மை. எனக்குச் சொல்ல முகமில்லை.

இப்போது அவள் கையுறையை மாட்டிக்கொண்டு அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். துணியை விலக்கினாள். உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது புண், நடுவில் கருத்திருந்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அண்ணி, கொஞ்சம் வெந்நீர்" என்றாள். என்னிடம், "தோளப் பிடி. அழுத்தாத" என்றாள். வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் புண்ணைப் பார்த்தபடியே, "என் வார்டுல பதினாலு பேரு அண்ணா. நான் சேந்ததுலருந்து ஒருத்தருக்குக்கூட புண்ணு வரல" என்றாள்.

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. நாலு மாதமாக யாரிடமாவது சொல்ல வைத்திருந்த நல்ல சேதியைப் போலத்தான் சொன்னாள். அப்பாவின் கண்ணிலிருந்து நீர் மூக்குத்தண்டைக் கடந்து தலையணையில் இறங்கியது. துடைக்க எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புண் எலும்பு வரை போய்விட்டது, உடம்பில் தெம்பும் இல்லை, பார்க்கலாம் என்றார் டாக்டர். 'பார்க்கலாம்' என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பாவின் பாதத்தைப் பிடித்தபடி வந்தாள்.

நாலு நாள் லீவு முடிந்தது. அன்றைய ரயில் போய்விட்டது. அவள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் என் போனுக்கு அழைப்பு. பயிற்சி மையத்திலிருந்து ஒரு பெண். அங்கே படித்தவர்கள் ஆறு மாதம் வேலையில் நிலைக்கிறார்களா என்று விசாரிக்கிறார்களாம். "அவங்க போன் எடுக்கல சார். அதான் வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டேன். உங்க தங்கச்சி வேலைல இருக்காங்களா?"

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தங்கை குனிந்து புதுக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்கா" என்றேன்.

"பயிற்சி உபயோகமா இருந்ததா சார்? ஆமா, இல்லைன்னு சொன்னாப் போதும்."

"ஆமா."

அந்தப் பெண் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டாள். தங்கைக்குக் கேட்டிருக்கும். நிமிரவில்லை. "வா அண்ணா, மறுபக்கம் திருப்பணும்" என்றாள். அப்பாவின் நல்ல கை கட்டில் கம்பியை இறுகப் பற்றியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து அந்தக் கையைத் தன் தோள்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தேன்.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு."